காதலைப் பற்றி மட்டும் கவலைப்படும் உரிமை: ‘பூமராங்’ பிறந்த கதை

நியூயார்க்கில் ஓர் அழகுசாதன நிறுவனம். அதன் விளம்பரப் பிரிவில் மார்க்கஸ் கிரஹாம் என்று ஓர் அதிகாரி. நல்ல சம்பளம், நல்ல வீடு, கச்சிதமான உடை. பெண்களை மயக்குவதில் கைதேர்ந்தவன். யாரோடும் நிலைத்து நிற்பதில்லை. உறங்கும் பெண்ணின் போர்வையை விலக்கி, அவள் பாதம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பான். பிடிக்காவிட்டால் அன்றோடு சரி. அந்த நிறுவனம் கைமாறுகிறது. தனக்குத்தான் என்று அவன் நம்பியிருந்த தலைமைப் பதவி, ஜாக்குலின் என்ற பெண்ணுக்குப் போகிறது. அவனைவிடத் திறமைசாலி. அவன் எத்தனையோ பெண்களை நடத்திய அதே விதத்தில் அவள் அவனை நடத்துகிறாள். வீசியது திரும்பி வந்து வீசியவன் மேலேயே விழுகிறது. 1992 ஜூலை 1 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான அந்தப் படத்தின் பெயர் ‘பூமராங்’.

மார்க்கஸ் கறுப்பன். ஜாக்குலின் கறுப்பினப் பெண். நிறுவனத்தின் முகமாக இருக்கும் சீமாட்டி, விளம்பரப் படம் எடுக்கிறவர், ஓவியப் பிரிவில் வேலை பார்க்கும் பெண், கடிதம் கொண்டுவரும் பையன், எல்லோரும் கறுப்பர்கள். இது எப்படி நடந்தது, இவர்கள் எப்படி இந்த இடத்துக்கு வந்தார்கள் என்று படம் ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. இருக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், காதலிக்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள், ஏமாறுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ பலருக்கு விழுங்க முடியாததாக இருந்தது. படத்தின் உலகம் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பர்களாலேயே நிரம்பியிருப்பதை ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ விமர்சனம் குறையாகச் சுட்டியது. நாயகனாக நடித்த எடி மர்ஃபி அதே பத்திரிகைக்குப் பதில் எழுதினார். வெள்ளையர்கள் அரிதாகவே தென்படும் கறுப்பர் உலகம் கேள்விக்கு உள்ளாகிறது. ஒரு கறுப்பர்கூட இல்லாத நியூயார்க்கைக் காட்டிய நூற்றுக்கணக்கான காதல் படங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் ‘பூமராங்’ பிறந்த கதையைச் சொல்லத் தொடங்க வேண்டும்.

சமமாக நின்றால்தான் சண்டை

ஆணும் பெண்ணும் மோதிக்கொள்ளும் காதல் நகைச்சுவைக்கு ஹாலிவுட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1940-இல் ‘ஹிஸ் கேர்ள் ஃபிரைடே’ படத்தில் பத்திரிகை ஆசிரியரும் அவரை விவாகரத்து செய்த பெண் நிருபரும் மோதினார்கள். 1949-இல் ‘ஆடம்ஸ் ரிப்’ படத்தில் கணவனும் மனைவியும் வழக்கறிஞர்கள். ஒரே வழக்கில் எதிரெதிராக நின்றார்கள். இந்தப் படங்கள் சிரிக்க வைத்ததற்குக் காரணம், இரண்டு பக்கமும் சமமான ஆயுதம் இருந்ததுதான். அவளுக்கும் உத்தியோகம் உண்டு, வாய் உண்டு, சொந்தக் காசு உண்டு. ஒருவர் மற்றவரை நம்பித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் நடக்கும் சண்டையில் சிரிப்பு வராது.

அதே காலத்து ஹாலிவுட்டில் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த இடம் வேறு. ‘கான் வித் த விண்ட்’ படத்தில் பணிப்பெண்ணாக நடித்ததற்காக ஹாட்டி மெக்டேனியல் 1940-இல் ஆஸ்கர் வாங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பர் அவர். விருது விழாவிலோ சக நடிகர்களோடு அவரை உட்கார வைக்கவில்லை. தனி மேசை போட்டார்கள். திரையில் மற்றவர்களின் காதலுக்குக் கதவைத் திறந்துவிடும் வேலைதான் அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் இருந்தது. 1968-இல் சிட்னி பாய்ட்டியே ‘ஃபார் லவ் ஆஃப் ஐவி’ என்ற காதல் நகைச்சுவைக்குத் தானே கதை கொடுத்து நடித்தபோதும், நாயகி ஐவி ஒரு வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண்ணாகவே இருந்தாள்.

ஹாலிவுட்டுக்கு வெளியே இன்னொரு பரம்பரை இருந்தது. கறுப்பர்களுக்காகக் கறுப்பர்களே எடுத்த படங்கள் அவை. அந்தப் பரம்பரையின் முன்னோடி ஆஸ்கார் மிஷோ. 1919-இல் தன் முதல் படத்தை எடுத்த அவர், 1920-இல் ‘விதின் அவர் கேட்ஸ்’ எடுத்தார். அதன் நாயகி ஓர் ஆசிரியை. அவளை நேசிப்பவர் ஒரு மருத்துவர். படித்து, உத்தியோகத்தில் இருக்கும் கறுப்பர்கள் திரையில் காதலிப்பதை அன்றே அவர் காட்டிவிட்டார். ஆனால் அந்தக் கதையிலும் காதலைச் சுற்றி இனவெறியின் கொலைகள் நிற்கின்றன. அந்தக் காலத்தில் நேர்மையான ஒரு கலைஞர் வேறு விதமாக எழுதியிருக்க முடியாது. ‘இன்று அவள் போன் செய்வாளா, மாட்டாளா’ என்பதை மட்டும் கவலையாகக் கொள்ளும் ஒரு கறுப்பின நாயகன் வர இன்னும் எழுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ராஜகுமாரனிலிருந்து அதிகாரிக்கு

எடி மர்ஃபி 1961-இல் புரூக்ளினில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்தார். ‘48 ஹவர்ஸ்’ (1982), ‘டிரேடிங் பிளேசஸ்’ (1983), ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ (1984) என்று மூன்றே ஆண்டுகளில் உலகம் அறிந்த நட்சத்திரம் ஆனார். மூன்று படங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வெள்ளையர் உலகத்துக்குள் தனியாக நுழையும் வாய்த்துடுக்குள்ள கறுப்பர் அவர். எல்லோரையும் மடக்குவார், எல்லோரையும் சிரிக்க வைப்பார். ஆனால் காதல் கதை அவருக்கு இல்லை. ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ படத்தில் அவரோடு வரும் பெண் பால்ய சிநேகிதி. சிநேகிதத்தைத் தாண்டி அந்த உறவு ஓர் அடியும் போகாது. கோடிக்கணக்கான பேர் நேசித்த நடிகருக்குத் திரையில் நேசம் மறுக்கப்பட்டிருந்தது.

1988-இல் ‘கமிங் டு அமெரிக்கா’ அதை மாற்றியது. அதில் அவர் பெண் தேடி நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்கு வரும் ஆப்பிரிக்க ராஜகுமாரன். படம் பெரும் வெற்றி. ஆனாலும் அது தேவதைக் கதை. நாயகனுக்கு ராஜ்ஜியம் இருந்தது. அதற்கு அடுத்த படி, ராஜ்ஜியம் இல்லாத, அலுவலகத்துக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் ஒரு கறுப்பின ஆணின் காதல். ‘பூமராங்’ படத்தின் கதை என்று திரையில் மர்ஃபியின் பெயர் வருகிறது. திரைக்கதையை எழுதியவர்கள் பேரி பிளாஸ்டீனும் டேவிட் ஷெஃபீல்டும். தொலைக்காட்சி நாட்களிலிருந்து மர்ஃபியோடு வேலை பார்த்து, ‘கமிங் டு அமெரிக்கா’வையும் எழுதிய இணை.

மர்ஃபிக்கு இந்தக் கதையில் இன்னொரு கணக்கும் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1987-இல் வந்த ‘ரா’ என்ற அவருடைய மேடைப் பேச்சுப் படத்தில் பெண்களைப் பற்றி அவர் பேசியவை கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின. பெண்கள் ஆணின் பணத்துக்கு வலை விரிப்பவர்கள் என்ற தொனி அதில் இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் அதே மனிதர், பெண்ணைப் பொருளாகப் பார்ப்பவன் என்ன பாடுபடுவான் என்பதைத் தன் உடம்பை வைத்தே காட்டும் கதையைத் தேர்ந்தெடுத்தார். அடி கொடுத்தே பழகிய நட்சத்திரம் அடி வாங்கும் இடத்தில் வந்து நின்றார். அந்தத் துணிச்சல் இல்லாமல் இந்தப் படம் இல்லை.

கிழக்கு செயின்ட் லூயிஸ் சகோதரர்கள்

இயக்க அழைக்கப்பட்டவர் முப்பது வயது ரெஜினால்ட் ஹட்லின். இலினாய் மாநிலத்தின் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரத்தவர். அவருடைய அண்ணன் வாரிங்டன் ஹட்லின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1978-இல் கறுப்பினத் திரைக் கலைஞர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். தம்பி ஹார்வர்டில் படிக்கும்போது தன் பட்டப் படைப்பாக ‘ஹவுஸ் பார்ட்டி’ என்ற குறும்படத்தை எடுத்தார். அதையே 1990-இல் இருவரும் சேர்ந்து முழுநீளப் படமாக்கினார்கள். சுமார் 25 லட்சம் டாலரில் எடுத்த படம் 2.6 கோடி டாலர் வசூலித்தது. ஒரு பையன் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு விருந்துக்குப் போகிறான் என்பதுதான் கதை. கறுப்பின இளைஞர்களின் சந்தோஷத்தை மட்டுமே நம்பி எடுத்த படம்.

அந்த நாட்களில் கறுப்பினக் கலைஞர்கள் பல முனைகளில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 1986-இல் ஸ்பைக் லீ, மூன்று காதலர்களை வைத்துக்கொண்டு யாருக்கும் கட்டுப்படாத ஒரு புரூக்ளின் பெண்ணைப் பற்றி ‘ஷீஸ் காட்டா ஹேவ் இட்’ எடுத்தார். செலவு 1,75,000 டாலர். 1987-இல் ராபர்ட் டவுன்சென்ட், கறுப்பின நடிகனுக்கு ரௌடி, அடிமை, தரகன் வேடங்களைத் தவிர வேறு எதுவும் கிடைக்காத கொடுமையை ‘ஹாலிவுட் ஷஃபிள்’ படமாக்கினார். பணம் போதாமல் கடன் அட்டைகளை நம்பி அவர் அந்தப் படத்தை முடித்தார். 1991-இல் ‘நியூ ஜாக் சிட்டி’யும் ஜான் சிங்கிள்டனின் ‘பாய்ஸ் இன் த ஹுட்’டும் வந்தன. இரண்டும் வலுவான படங்கள், சொல்ல வேண்டிய உண்மையைச் சொன்ன படங்கள். ஆனால் ஸ்டூடியோக்கள் அவற்றிலிருந்து கற்ற பாடம் குறுகலானது. கறுப்பர் படம் என்றால் தெரு, போதை, துப்பாக்கி என்று முடிவு கட்டின.

இந்தச் சூழலில் ஒரு பெரிய ஸ்டூடியோ, பாரமவுண்ட், சுமார் 4 கோடி டாலரை ஒரு கறுப்பினக் காதல் நகைச்சுவையில் போட்டது என்றால் அதற்கு மர்ஃபியின் பெயரே காரணம். அந்தப் பணம் திரையில் தெரிகிறது. பளபளக்கும் அலுவலகங்கள், அளவெடுத்துத் தைத்த கோட்டுகள், கலைப் பொருட்கள் நிறைந்த வீடு. வெள்ளை நட்சத்திரங்களின் காதல் படங்களுக்கு ஸ்டூடியோக்கள் என்றைக்கும் தாராளமாகக் கொடுத்துவந்த அழகு அது. கறுப்பு மேனிக்கும் அதே ஒளி, அதே கவனம், அதே செலவு என்பது ஒரு மரியாதை. பார்வையாளர்கள் அந்த மரியாதையைப் புரிந்துகொண்டார்கள்.

யார் யார் வந்து சேர்ந்தார்கள்

நடிகர் பட்டியலைப் பார்த்தால் ஒரு வம்சாவளி விரிகிறது. நிறுவனத்தின் முகமான லேடி எலாய்ஸாக எர்த்தா கிட். தென் கரோலினாவின் வறுமையில் பிறந்து உலகப் புகழ் பெற்ற பாடகி; 1968-இல் வெள்ளை மாளிகை விருந்திலேயே வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசி, அதன் விளைவாக அமெரிக்காவில் வாய்ப்புகளை இழந்தவர். ஸ்ட்ரான்ஜே என்ற விசித்திர நட்சத்திரமாக ஜமைக்காவில் பிறந்த கிரேஸ் ஜோன்ஸ். விளம்பர இயக்குநர் நெல்சனாக டிரினிடாடில் பிறந்த ஜெஃப்ரி ஹோல்டர். ‘த விஸ்’ நாடகத்தை பிராட்வேயில் இயக்கி 1975-இல் டோனி விருதுகள் வாங்கியவர். விளம்பரப் படத் தொகுப்பாளராகச் சில நிமிடங்கள் தலைகாட்டுபவர் மெல்வின் வான் பீபிள்ஸ். 1971-இல் சொந்தப் பணத்திலும் கடனிலும் படம் எடுத்து, கறுப்பினச் சுயாதீன சினிமாவுக்கு வழி திறந்தவர். மூத்தவர்களை வெறுமனே கௌரவிக்காமல், அவர்களுக்குச் சிரிக்க வைக்கும் வேலையைக் கொடுத்தார் ஹட்லின்.

இளையவர்களும் குவிந்தார்கள். ‘ஹவுஸ் பார்ட்டி’யிலிருந்து மார்ட்டின் லாரன்ஸ், டிஷா கேம்பல், ஜான் விதர்ஸ்பூன். மார்க்கஸின் நண்பன் ஜெரார்டாக டேவிட் ஆலன் கிரியர். கடிதம் கொண்டுவரும் பையனாக கிறிஸ் ராக். ஜாக்குலினாக ராபின் கிவன்ஸ். ஓவியப் பிரிவின் ஆஞ்சலாவாக ஹாலி பெரி. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்பைக் லீயின் ‘ஜங்கிள் ஃபீவர்’ படத்தில் போதைக்கு அடிமையான பெண்ணாக நடித்திருந்தார் பெரி. ஒரே ஆண்டில் அங்கிருந்து, குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லித் தரும் மென்மையான பெண்ணாக மாறினார். பத்தாண்டுகள் கழித்துச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே.

அழகுசாதன நிறுவனம் என்ற களத் தேர்வையும் கவனிக்க வேண்டும். கறுப்பர்கள் தங்கள் முயற்சியில் வளர்த்த பழைய தொழில்களில் ஒன்று அது. அடிமைகளாக இருந்தவர்களின் மகளான மேடம் சி.ஜே. வாக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் பொருட்களை விற்று இண்டியானாபோலிஸில் தொழிற்சாலை கட்டினார். சிகாகோவின் ஜான்சன் ப்ராடக்ட்ஸ் 1971-இல் அமெரிக்கன் பங்குச் சந்தைக்குப் போனது. அதே ஆண்டு சிகாகோவில் டாம் பரல் தன் விளம்பர நிறுவனத்தைத் தொடங்கினார். லேடி எலாய்ஸின் உலகத்தை நம்ப முடியவில்லை என்று சொன்னவர்களுக்கு இந்த வரலாறு தெரியவில்லை, அல்லது அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

சண்டையின் உள்ளே

‘பூமராங்’ படத்தின் பலம், ஆண்-பெண் சண்டையை அலுவலகத்தின் அதிகாரத்தோடு பிணைத்ததுதான். பதவிக்காக லேடி எலாய்ஸின் படுக்கை வரை போகிறான் மார்க்கஸ். போன பிறகுதான் பதவியைத் தரும் அதிகாரமே அந்த அம்மாளிடம் இல்லை என்று தெரிகிறது. எத்தனை பெண்கள் எத்தனை அலுவலகங்களில் இந்த ஏமாற்றத்தை அனுபவித்திருப்பார்கள் என்று யோசித்தால், அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் நியாயம் புரியும். பிறகு ஜாக்குலின் வருகிறாள். வேண்டும்போது கூப்பிடுகிறாள், வேண்டாதபோது மறந்துவிடுகிறாள். வேலையையும் உறவையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துக்கொள்கிறாள். அவனோ தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான், வேலை கெடுகிறது, புலம்புகிறான். பெண் பாத்திரங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த காத்திருப்பும் கண்ணீரும் ஆணுக்கு வருகின்றன. மர்ஃபி அதைக் கேலிக்கூத்தாக்காமல் உண்மையாகவே வலிக்கும்படி நடிக்கிறார்.

இனத்தைப் பற்றிப் படம் பேசவே இல்லை என்பதும் சரியல்ல. மார்ட்டின் லாரன்ஸ் நடித்த இன்னொரு நண்பன் டைலர் எங்கும் எதிலும் இனவெறியைக் கண்டுபிடிப்பவன். ‘பூல்’ மேசை ஆட்டத்தில் வெள்ளைப் பந்து மற்றப் பந்துகளை அடித்துத் துரத்துவதையும், கறுப்புப் பந்து விழுந்ததும் ஆட்டம் முடிவதையும் வைத்து ஒரு தத்துவமே சொல்கிறான். நண்பர்கள் மூவரும் துணிக்கடைக்குப் போனால் வெள்ளைப் பணியாளர் சந்தேகத்தோடு பின்தொடர்கிறார். இந்த மனிதர்களின் வாழ்க்கையில் இனவெறி இருக்கிறது. ஆனால் வாழ்க்கை முழுவதையும் அது பிடித்துக்கொள்ளவில்லை. வர்க்கமும் இருக்கிறது. நன்றி நவிலும் நாள் விருந்துக்கு ஜெரார்டின் பெற்றோர் வருகிறார்கள். சட்டையும் கோட்டின் உட்துணியும் ஒரே காளான் படத்தில் பொருந்தியிருப்பதைப் பெருமையாகக் காட்டுகிறார் அப்பா. மகனுக்கு உயிர் போகிறது. படித்து மேலே வந்த எந்தச் சமூகத்திலும் இந்தக் கூச்சம் உண்டு. விதர்ஸ்பூன் அந்தத் தகப்பனைக் கேலிப் பொருளாக விடவில்லை. தன் மகிழ்ச்சியில் முழு நிம்மதியோடு இருப்பவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

ஒரு வசனத்திலிருந்து ஒரு பாடகி

இந்தப் பிறப்பில் இசைக்கும் பெரும் பங்கு உண்டு. எல்.ஏ. ரீட், பேபிஃபேஸ் இருவரும் 1989-இல் லாஃபேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். படத்தின் பாடல் தொகுப்பை அவர்கள் உருவாக்கினார்கள். ஓர் இரவு வீட்டுக்கு வராத மார்க்கஸைப் பார்த்து ஆஞ்சலா சீறும் வசனம் ஒன்று உண்டு. அந்த வசனத்திலிருந்தே ஒரு பாடல் பிறந்தது. அதை அனிட்டா பேக்கர் பாட வேண்டும் என்று நினைத்தார்கள். அவர் அப்போது கர்ப்பமாக இருந்ததால் மறுத்து, மாதிரிக்குப் பாடிக் காட்டியிருந்த புதுக் குரலையே பாட வைக்கச் சொன்னார். அந்தக் குரல் டோனி பிராக்ஸ்டன். தனிப் பாடகியாக அவருடைய இசை வாழ்க்கை இந்தத் தொகுப்பில்தான் தொடங்கியது.

அதே தொகுப்பில் பாய்ஸ் டு மென் குழு பாடிய ‘எண்ட் ஆஃப் த ரோட்’ அமெரிக்கத் தரவரிசையில் 13 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி 11 வாரங்கள் நின்று படைத்திருந்த சாதனை அதனால் உடைந்தது. கைவிடப்பட்ட ஆண் தன் பெருமையை இறக்கிவைத்து அழும் பாட்டு அது. படம் சொல்ல வந்ததைத் திரையரங்குக்கே போகாதவர்களிடமும் அந்தப் பாட்டு கொண்டுபோய்ச் சேர்த்தது.

பிறந்த நேரம்

1992 ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்த போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் அல்ல என்ற தீர்ப்பு வந்து லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தது. மறுநாள் இரவு, மருத்துவரும் வழக்கறிஞருமான ஒரு கறுப்பினத் தம்பதியின் குடும்பத்தை எட்டு ஆண்டுகள் வீடுதோறும் கொண்டுவந்த ‘த காஸ்பி ஷோ’ தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. இரண்டு மாதம் கழித்து ‘பூமராங்’ வந்தது. அந்தக் கோடையில் ஒரு கறுப்பினக் காதல் நகைச்சுவை தேவைதானா என்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். என்னுடைய பதில், அப்போதுதான் மிகவும் தேவை என்பது. துயரத்தின் போது மட்டும் ஒரு சமூகத்தைப் பார்க்கும் பார்வை, எவ்வளவு பரிவு கொண்டதாக இருந்தாலும், பாதிப் பார்வைதான். மனிதர்களுக்குத் தீப்பற்றி எரியும் நகரமும் உண்டு, போன் வராத இரவும் உண்டு. முன்னதை மட்டும் கொடுத்துப் பின்னதை மறுப்பது அவர்களை மனிதர்களாகப் பார்க்க மறுப்பதே.

விமர்சனங்கள் கலவையாக வந்தன. மக்கள் வந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் சுமார் 7 கோடி டாலர், உலகம் முழுக்க சுமார் 13 கோடி டாலர் வசூல்.

படம் போகாத தூரமும் உண்டு. ஆணைப் போல நடந்துகொள்ளும் ஜாக்குலினைப் படம் ரசிக்கிறது. ஆனால் கடைசியில் மென்மையான ஆஞ்சலாவுக்குத்தான் பரிசு. மார்க்கஸுக்குத் திருந்த வாய்ப்பு கிடைக்கிறது, ஜாக்குலினுக்குக் கிடைக்கவில்லை. அவன் செய்தபோது விளையாட்டாகத் தெரிந்தது, அவள் செய்யும்போது இதயமின்மை ஆகிறது. படத்தை எழுதிய கைகள் ஆண்களின் கைகள் என்பது இங்கே தெரிகிறது. இந்தக் குறை அடுத்து வந்தவர்களுக்கு வேலை வைத்தது.

வாரிசுகள்

பெண்களின் பக்கம் 1995-இல் வந்தது. டெரி மெக்மில்லனின் நாவலை வைத்து ஃபாரஸ்ட் விட்டேக்கர் இயக்கிய ‘வெயிட்டிங் டு எக்ஸேல்’, நான்கு கறுப்பினத் தோழிகளின் ஏமாற்றங்களை அவர்கள் வாயாலேயே சொன்னது. 1997-இல் தியடோர் விட்சரின் ‘லவ் ஜோன்ஸ்’ சிகாகோவின் கவிஞனையும் புகைப்படக்காரியையும் மழையிலும் ஜாஸ் இசையிலும் சந்திக்க வைத்தது. 1999-இல் மால்கம் டி. லீயின் ‘தி பெஸ்ட் மேன்’, ஒரு கல்யாண வீட்டில் கூடும் கல்லூரி நண்பர்களின் பழைய ரகசியங்களைத் திறந்தது.

2001-இல் மார்க் பிரவுன் எழுதி இயக்கிய ‘டூ கேன் ப்ளே தட் கேம்’ வந்தது. இதில் விளம்பரத்துறை அதிகாரி ஒரு பெண். ஷாண்டேயாக விவிகா ஃபாக்ஸ். அவள் காதலன் கீத்தாக, வழக்கறிஞராக, மாரிஸ் செஸ்ட்நட். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் வேறொருத்தியோடு நடனமாடுவதைப் பார்த்ததும், அவனைப் பத்து நாட்களில் வழிக்குக் கொண்டுவரும் திட்டத்தைப் போடுகிறாள். நேராகக் கேமராவைப் பார்த்து ஒவ்வொரு நாளின் பாடத்தையும் நமக்குச் சொல்கிறாள். ஜாக்குலினுக்குக் கிடைக்காத இரண்டு விஷயங்கள் ஷாண்டேக்குக் கிடைத்தன. கதையைச் சொல்லும் இடம் அவளுடையது. தன் விதிகள் தன்னையே காயப்படுத்துகின்றன என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அவளுடையது. பூமராங் இந்த முறை வீசிய பெண்ணிடம் திரும்பி வந்தது. அவள் அழிந்து போகவில்லை, வளர்ந்தாள்.

2012-இல் டிம் ஸ்டோரியின் ‘திங்க் லைக் எ மேன்’, ஆண்களைச் சமாளிக்க ஸ்டீவ் ஹார்வி எழுதிய அறிவுரைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பெண்கள் அதைப் படிப்பதாகவும், ஆண்கள் அதைக் கண்டுபிடித்துத் திருப்பித் தாக்குவதாகவும் கதை செய்தது. முதல் வாரமே வசூலில் முதலிடம் பிடித்தது. இவர்கள் எப்படி இவ்வளவு நல்ல வேலையில் இருக்கிறார்கள் என்ற கேள்வி அதற்குள் தேய்ந்து போயிருந்தது. ஒரு வகைப் படம் பிறந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

திரைக்கு வெளியே கதை மெதுவாகவே நகர்ந்தது. ‘பூமராங்’ வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்தும், நியூயார்க்கின் பெரிய விளம்பர நிறுவனங்களின் மேல்மட்டத்தில் கறுப்பர்கள் மிகக் குறைவாகவே இருந்தார்கள். 2006-இல் நகர மனித உரிமை ஆணையம் தலையிட்டு, அந்த நிறுவனங்களோடு வேலை நியமனம் குறித்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதையடுத்த ஆண்டுகளில் டல்லாஸில், வாய்ப்பு மறுக்கப்பட்ட இளைஞர்களை விளம்பரத்துறைக்குத் தயார்செய்யும் ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘மார்க்கஸ் கிரஹாம் புராஜெக்ட்’. சிறுவயதில் ஒரு காதல் நகைச்சுவையில் பார்த்த அந்த அலுவலகத்தை ஒரு தலைமுறை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை, இடமாக எடுத்துக்கொண்டது. அங்கே தனக்கும் ஒரு நாற்காலி உண்டு என்று நம்பியது. விளக்கம் கேட்டவர்களுக்கு விளக்கம் தராமல் மார்க்கஸையும் ஜாக்குலினையும் நேராக வேலைக்கு அனுப்பிய படத்தின் முடிவு சரியானது என்பதற்கு, வேலைக்குப் போன அந்த இளைஞர்களே சாட்சி.